விளக்குக் கண்ணாடியைத் தொட்டுப் பார்

என் மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம், நீயும் சுகமா என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை அப்படி எழுத மறுக்கிறது. எனக்குச் சுகமில்லை. காய்ச்சலோ மூட்டுவலியோ இல்லை, பயம். நேற்றுச் சாயந்தரம் பிடித்தது, இன்னும் விட்டபாடில்லை. நாளைக் காலையில் நீ தோட்டத்து ஆய்வுக்கூடத்தைத் திறந்து, அந்தப் புதுப் புகை அலுமாரிக்குள் முதன்முதலாகத் திராவகப் போத்தலை வைக்கப்போகிறாய். அந்த அலுமாரி திராவகப் புகையைக் குழாய் வழியாக வெளியே இழுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நேற்று அத்தனை பேர் முன்னால் இழுத்ததே, தோட்டத்துத் துரையே கைதட்டினாரே என்பாய். தட்டினார்தான். அதனால்தான் இவ்வளவு பயமாக இருக்கிறது.

இதை வாயால் சொல்லாமல் ஏன் கடுதாசியில் எழுதுகிறேன் என்றால், வாயால் சொன்னால் நீ கேட்கமாட்டாய். "அம்மா, சும்மா இருங்க" என்று இரண்டு வார்த்தையில் அடக்கிவிடுவாய். எனக்கும் கோபம் வந்து எங்கோ தொடங்கி எங்கோ போய், கடைசியில் நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதில் வந்து நிற்பேன். நமக்குள் எந்தப் பேச்சும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. எழுத்து என்றால் நீ மதிப்பாய். சின்ன வயதிலேயே மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் காகிதத்தை முழுதும் வாசிக்காமல் வாயைத் திறக்கமாட்டாய். ஆகவே இதையும் அந்தக் காகிதமாக நினைத்து முழுதும் வாசி. நடுவில் சிரிக்க வேண்டும் என்று தோன்றினால் சிரித்துக்கொள், ஆனால் கீழே வைத்துவிடாதே.

தையில் உனக்குக் கல்யாணம். கல்யாணம் ஆகப்போகிற மகனுக்குத் தாய் எழுதும் கடுதாசியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ன? வருகிற பெண்ணிடம் குரலை உயர்த்தாதே, சம்பளத்தன்று நேராக வீட்டுக்கு வா, மாமனார் வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்காதே, இப்படி நிறைய வைத்திருந்தேன். கமலம் நல்ல பெண், அதையெல்லாம் அவளே உனக்குச் சொல்லிக்கொடுப்பாள். நான் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. அதற்கு உன் அப்பாவிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அப்பா போனபோது உனக்கு ஆறு வயது. உனக்கு நினைவிருப்பது எல்லாம் வீட்டு முன்னால் நின்ற சனமும், யாரோ உனக்கு வாங்கிக்கொடுத்த பேக்கரிப் பணிசும்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். எனக்கு நினைவிருப்பது மழை. மாத்தளையில் ஐப்பசி மழை எப்படி அடிக்கும் என்று உனக்கே தெரியும். அன்று காலை அவர் பட்டறையில் பழைய நகை ஒன்றை உருக்கி, தங்கத்தைப் பிரிக்கத் திராவகத்தில் போட்டார். எப்போதும் ஜன்னலைத் திறந்துவைத்து, அதன் ஓரமாகப் பீங்கானை வைத்துத்தான் அந்த வேலையைச் செய்வார். அன்று சாரல் உள்ளே அடித்தது. மேசையில் பொடித் தங்கம் கிடந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் இருமுகிற சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தேன். அறைக்குள் செங்கல்பொடி நிறத்தில் புகை, மேலே எழாமல் மேசை மட்டத்திலேயே கிடந்தது. அவர் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்னங்க இது, இப்படி இருமுறீங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல புள்ள. தொண்டை கொஞ்சம் கரகரங்குது. பனங்கல்கண்டு இருந்தாக் குடு" என்றார். கொடுத்தேன். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பு, இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உன்னை மடியில் வைத்துக்கொண்டு, நீ பல் விழுந்த வாயால் பாடின பாட்டைக் கேட்டுச் சிரித்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் மூச்சு இளைக்கத் தொடங்கியது. ஓடிவந்து ஏறினவர் மாதிரி இளைத்தது, ஆனால் அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அப்போதும் கேட்டேன், அப்போதும் ஒண்ணுமில்ல என்றுதான் சொன்னார். மறுநாள் விடிந்தபோது அவர் இல்லை.

காலேஜில் படித்துவிட்டு லீவுக்கு வந்த ஒரு சமயம், இதே சமையலறை வாசலில் நின்றுகொண்டு நீ எனக்கு விளக்கம் சொன்னாய். "அந்தப் பொகை ஒடனே ஒண்ணும் செய்யாதும்மா. நெஞ்சுக்குள்ள போய்ப் பதுங்கிக்கிட்டு, மெதுமெதுவாத் தண்ணி கட்ட வச்சிரும். அதனாலதான் அப்பா மத்தியானம் நல்லா சாப்புட்டாரு." எனக்கு உன்னை அறைய வேண்டும் போலிருந்தது. கணக்குப் போட்டுக் காட்டுகிற மாதிரி சொன்னாய். பிறகு அடுப்பங்கரைக் கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு ஒரு புகை அலுமாரி இருந்திருந்தா" என்று தொடங்கி முடிக்காமல் நிறுத்தினாய். அன்றுதான் நீ ஏன் இந்தப் படிப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய் என்று எனக்குப் புரிந்தது. அன்றையிலிருந்தே பயமும் வந்துவிட்டது. அப்பாவைக் கொன்ற புகையின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று ஒருவனுக்கு ஆசை வருமா? உனக்கு வந்தது.

ரத்தோட்டைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் ஆய்வுக்கூடம் தொடங்குகிறார்கள், யுத்தத்தால் கப்பலில் உரம் வருவது குறைந்துவிட்டது, மண்ணைச் சோதித்துப் பார்த்துத்தான் இனி தேயிலைக்குப் போட வேண்டும், உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நீ வந்து சொன்னபோது நான் சந்தோஷப்படவில்லை. சந்தோஷப்பட்டதாகக் காட்டிக்கொண்டு கேசரி கிண்டினேன். ஆனால் நீ துரையிடம் சொன்னதாகச் சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. புகை அலுமாரி கட்டி முடிக்காமல் திராவகப் போத்தலின் மூடியைக்கூடத் திருகமாட்டேன் என்றாயாமே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் துரை முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்லத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் என்னிடமிருந்து வந்தது என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னேன்.

அதை நீ கட்டிய விதத்தைப் பற்றியும் குறை சொல்லமாட்டேன். நம் தெருவிலிருந்து காசிம் நானாவைத் தச்சு வேலைக்குக் கூட்டிப்போனாய். அவரைவிட நல்ல கை மாத்தளையில் கிடைக்காது. தேக்குச் சட்டம், ஏற்றி இறக்குகிற கண்ணாடிக் கதவு, அடியில் ஈயத்தகடு, மேலே கூரையைத் தாண்டிப் போகிற மண்குழாய். இரும்புக் குழாய் கொண்டுவந்து இறக்கியபோது, திராவகப் புகை அதை அரித்துவிடும் என்று நீ திருப்பி அனுப்பினாய். அலுமாரியை வாசலுக்கு நேராக வைத்தால் வெளிச்சம் வரும் என்று துரை சொல்ல, "ஆளுங்க போய்வர்ற காத்தே பொகைய வெளிய இழுத்துரும் சார்" என்று மூலைக்குத் தள்ளினாய். கண்ணாடிக் கதவைத் தூக்கி மாட்டும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது என்று நீ சத்தம் போட்டதைக் காசிம் நானா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். "ஒங்க மகன் என்னையே வெளிய போகச் சொல்லிட்டாரு தங்கச்சி. பொறகு கதவ யாரு மாட்டுற?" என்கிறார்.

அந்தத் தோட்டத்தில் மின்சாரமும் இல்லை, காற்றை இழுக்கிற விசிறியும் இல்லை. அதற்கு நீ ஒரு வழி செய்தாய். மண்குழாயின் அடியில் ஒரு சின்னக் கதவு வைத்து, உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு. விளக்கின் சூட்டில் குழாய்க்குள் காற்று மேலே ஏறும், அது ஏற ஏற அலுமாரிக்குள் இருக்கிற புகையும் பின்னாலேயே ஏறும் என்று எனக்கு விரலால் வரைந்து காட்டினாய். நெருப்பு இருப்பதால் பற்றிக்கொள்கிற சரக்கு எதையும் இந்த அலுமாரிக்குள் வைக்கக் கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினாய். எல்லாம் சரி. அந்த அலுமாரியின் உயிரே அந்த விளக்குத்தான் என்று அன்று நான் விளங்கிக்கொண்டேன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசி.

நேற்றுச் சோதனை. துரை பார்க்க வருகிறார், நீங்களும் வாங்க என்று நீதான் சொல்லியனுப்பினாய். வெறுங்கையோடு வர எனக்கு மனமில்லை. புது வீடென்றால் பால் காய்ச்சுகிறோம். புதுப் பட்டறை என்றால் உன் அப்பா சாம்பிராணி போடாமல் சுத்தியலைத் தொடமாட்டார். அப்படியிருக்க என் மகன் நாள் முழுதும் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கப்போகிற இடத்துக்கு ஒரு சாம்பிராணிகூடப் போடாமல் விடுவதா? தட்டு, கரி, சாம்பிராணிக்கட்டி, தேங்காய், எல்லாவற்றையும் கூடையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

என்னைக் கூடையோடு கண்டதும் உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "அம்மா, துரை இருக்காரு. இதெல்லாம் வேணாம்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். "துரை இருந்தா என்னப்பா, அவருக்கும் சேத்துத்தான் கும்புடுறேன்" என்றேன். துரை என்ன என்று கேட்டார். நீ இங்கிலீசில் ஏதோ சொன்னாய். அவர் சிரித்துவிட்டு, "அம்மா கொண்டுவந்தது நல்ல புகைதானே, அதையே உள்ளே வை" என்றார். உன் முகம் உடனே தெளிந்தது. "நல்லதாப் போச்சும்மா. நமக்கும் பொகைதானே வேணும்" என்று நீயே தட்டை வாங்கிக்கொண்டாய். நீ சோதனைக்கென்று என்னமோ துணியைச் சுருட்டி வைத்திருந்தாய். அதை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டாய். அந்தத் துணியையும் நினைவில் வைத்துக்கொள்.

தட்டில் கரி கனகனவென்று இருந்தது. ஒரு கை சாம்பிராணியைப் போட்டு அலுமாரிக்குள் வைத்தாய். கண்ணாடிக் கதவைப் பாதி இறக்கினாய். வெள்ளைப் புகை எழும்பி நேரே குழாய்க்குள் போனது. ஒரு இழைகூட வெளியே வரவில்லை. கணக்கப்பிள்ளை வெளியே ஓடிப்போய்க் கூரையைப் பார்த்து, "வருதுங்க, நல்லா வருதுங்க" என்று கத்தினார். துரை கைதட்டினார். காசிம் நானா மாஷா அல்லாஹ் என்றார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நீ என்னைப் பார்த்தாய். உன் அப்பா போன பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்கத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

துரை போனார். நீங்கள் எல்லாரும் வெளியே நின்று தேங்காயும் வடையும் தின்றுகொண்டிருந்தீர்கள். நான் சாம்பலை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். சின்னக் கதவு கண்ணில் பட்டது. மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போது பெரும்பாடு, நெருப்பை வீணாக எரியவிடுவானேன், திரியை இறக்கிவிடலாம் என்று கதவைத் திறந்தேன். விளக்கு எரியவில்லை. நீதான் அணைத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டு, பழக்கத்தில் விளக்குக் கண்ணாடியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. பிள்ளை சிக்கனமாக இருக்கிறான் என்று மனதுக்குள் உன்னை மெச்சிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். நீ பஸ் ஏற்றிவிட வந்தாய். கல்யாணச் சேலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

பஸ் ரத்தோட்டையைத் தாண்டி இறங்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. நாள் தவறாமல் விளக்கு ஏற்றி அணைக்கிற கை இது. அணைத்த விளக்கின் கண்ணாடி அவ்வளவு சீக்கிரம் ஆறாது. தொட்டால் கையை இழுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். சோதனை முடிந்து நான் சாம்பல் அள்ளப் போவதற்குள் நீ அந்தச் சின்னக் கதவுப் பக்கம் போகவே இல்லை, துரையோடுதான் நின்றாய். அப்படியென்றால் அந்த விளக்கு எப்போது அணைந்தது? காற்றில் அணைந்ததோ, தோட்டத்து ஸ்டோரில் அரைப் போத்தல் எண்ணெய்தான் தந்தார்கள் என்று காலையில் புலம்பினாயே, அது தீர்ந்துதான் அணைந்ததோ. எதுவானாலும், புகை அவ்வளவு அழகாக மேலே போனபோது அது எரிந்துகொண்டிருந்ததா? எரியாவிட்டால் புகையை எது தூக்கியது? பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எனக்கு வேர்த்துவிட்டது. பக்கத்தில் நாவுல ஊருக்குப் போகிற ஒரு சிங்களப் பெண் இருந்தாள், தலை சுற்றுகிறதா என்று கேட்டு எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றவில்லை. முச்சந்திக் கடையில் சுருட்டுப் பற்றவைக்க ஒரு தேங்காய்த் தும்புக் கயிறு தொங்குமே, எந்நேரமும் நுனி கனன்றுகொண்டு, அதில் ஒரு முழம் வெட்டித் தரச் சொன்னேன். "ஏங்கக்கா, சுருட்டுக் குடிக்கப் பழகுறீங்களா?" என்றான் கடைக்காரன். அவனுக்குப் பதில் சொல்லாமல் வந்தேன். நம் சமையலறை அடுப்புக்கு மேலே புகைபோக்கி இருக்கிறதல்லவா. காலையிலிருந்து அடுப்பு மூட்டவில்லை, குளிர்ந்து கிடந்தது. முதலில் சாம்பிராணித் தட்டில் கரியைக் கனலவைத்து அடுப்பில் வைத்தேன். புகை நேரே மேலே போனது, அங்கே போன மாதிரியே. தட்டை எடுத்துவிட்டு அடுப்புக் கல் ஆறும்வரை காத்திருந்தேன். பிறகு கயிற்று நுனியை மட்டும் அதே இடத்தில் பிடித்தேன். புகை கொஞ்சம் எழும்பியது, யோசிக்கிற மாதிரி நின்றது, திரும்பி என் முகத்துக்கே வந்தது.

என் சாம்பிராணியைத் தூக்கியது உன் அலுமாரி இல்லை ஐயா. என் கரிதான் தூக்கியது. விளக்கு செய்ய வேண்டிய வேலையைக் கரி செய்துவிட்டது. நான் மட்டும் கூடையோடு வராமல் இருந்திருந்தால் நீ அந்தத் துணியைப் புகையவிட்டிருப்பாய், புகை வெளியே வந்திருக்கும், துரை முன்னால் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பாய், அதோடு போயிருக்கும். நல்லது நடக்கட்டும் என்று கொண்டுவந்த தட்டு இப்படிச் செய்துவிட்டது. உன்னைக் காப்பாற்று என்று எந்தப் புகையிடம் வேண்டிக்கொண்டேனோ அதுவே பொய் சாட்சி சொல்லிவிட்டது.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். மண்ணைத் திராவகத்தில் போட்டுக் கொதிக்க வைக்கும்போது அதுவும் சூடாகத்தானே இருக்கும், சூட்டுப் புகை தானாக மேலே போகும் என்பாய். போகட்டும். கொதித்து முடிந்து ஆறவைப்பாயே, அப்போது? நீ கிட்டப் போய்க் குனிந்து பார்ப்பதே ஆறின பிறகுதானே? அப்பா மேசைமேல் கிடந்த அந்தச் செங்கல்பொடிப் புகை மேலே போகவில்லை. நான் என் கண்ணால் பார்த்தேன். அது கிடந்த இடத்திலேயே கிடந்தது.

நான் நினைப்பது முழுக்கத் தப்பாகவும் இருக்கலாம். நான் பார்க்காத நேரத்தில் நீயே விளக்கை அணைத்திருக்கலாம், மலைக்காற்றில் கண்ணாடி சட்டென்று ஆறியிருக்கலாம். அப்படியிருந்தால் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கமலத்திடம் சொல்லிச் சிரி, நானும் கூடச் சிரிக்கிறேன். ஆனால் கயிற்றை வைத்துப் பார்க்காமல் சிரிக்காதே.

முதலில் விளக்கில் முழு எண்ணெய் ஊற்று. ஸ்டோரில் தரமாட்டேன் என்றால் நம் வீட்டு எண்ணெயைத் தருகிறேன், நான் இருட்டில் இருந்துகொள்கிறேன். ஏற்றி, குழாய் சூடாகும்வரை பொறு. பிறகு கண்ணாடிக் கதவை நீ வேலை செய்கிற உயரத்துக்கு வைத்து, கயிற்று நுனியை அலுமாரி வாயருகில் இந்த மூலை, அந்த மூலை, அடிப்பக்கம் என்று மெல்லக் கொண்டுபோ. எல்லா இடத்திலும் புகை உள்ளே போக வேண்டும். ஒரு இடத்தில் தயங்கினாலும் போத்தலைத் தொடாதே. அறை ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு தடவை, திறந்துவிட்டு ஒரு தடவை. மலையிலிருந்து சாயந்தரம் காற்று இறங்குமே, அப்போது மறுபடியும். நடுவில் விளக்கை அணைத்துவிட்டு, புகை எப்படித் திரும்பி வருகிறது என்றும் பார்த்துவை, அது வருகிற லட்சணம் உனக்கு மனதில் பதியட்டும். அந்தச் சின்னக் கதவில் ஒரு துண்டு கண்ணாடி பதித்துத் தருவதாகக் காசிம் நானா சொல்லியிருக்கிறார். நீ நிற்கிற இடத்திலிருந்தே சுடர் தெரிய வேண்டும். இதில் பாதி உனக்கே தெரிந்தது, எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். நேற்று சந்தோஷத்தில் மறந்துபோய்விட்டாய், நானும்தான்.

இன்னொன்று, இதுதான் கல்யாணத்துக்கு நான் தருகிற புத்தி. எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் அந்தப் புகை உன் மூக்கில் ஏறலாம். ஏறினால், இருமல் நின்றுவிட்டது என்று வீட்டுக்கு வந்து கை கழுவிச் சோற்றுக்கு உட்காராதே. உடனே யாரிடமாவது சொல், மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வண்டி கேள், உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் போ. நீ எனக்குச் சொன்ன பாடம்தானே இது. கமலத்திடமும் முன்கூட்டியே சொல்லிவை. அவள் முகம் வாடுமே என்று மறைக்காதே. உன் அப்பா ஜன்னலைச் சாத்தியதைக்கூட நான் மன்னித்துவிட்டேன், மழைக்கு யார்தான் சாத்தமாட்டார்கள். அவர் ஒண்ணுமில்ல என்று சொன்னதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கக் கூடாதென்று சொன்னார். நீயும் அப்படித்தான். போன வருஷம் மலேரியாவில் கிடந்தபோதுகூட, நடுக்கத்தில் பல் அடித்துக்கொள்ள, ஒண்ணுமில்லம்மா என்றாய். அப்பாவிடமிருந்து உனக்கு மூக்கு வந்தது, நல்ல கை வந்தது, அந்த வார்த்தையும் வந்துவிட்டது. அது மட்டும் வேண்டாம். கமலம் பயந்தால் பயப்படட்டும். பயந்துகொண்டு உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடட்டும். எனக்கு அன்று பயப்பட ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

இந்தக் கடுதாசியைத் தபாலில் போடப்போவதில்லை. இன்று ஞாயிறு, தபாலும் எடுக்கமாட்டார்கள், பெட்ரோல் தட்டுப்பாட்டில் அந்தப் பக்கம் பஸ்ஸும் இல்லை. ஆய்வுக்கூடத்துச் சாவி காரியாலயத்தில் இருக்கிறது, நாளைதான் உன் கைக்கு வரும் என்பது ஒன்றுதான் ஆறுதல். நாளை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். காசிம் நானாவிடம் போய்ச் சொன்னேன். கதவில் குறை இல்லை என்று முதலில் சண்டைக்கு வந்தார். பிறகு "நானும் வாரேன் தங்கச்சி. பஸ் வராட்டி மச்சான்ட மாட்டு வண்டில் இருக்கு, அதப் பூட்டிக்கிட்டுப் போவம்" என்றார். அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் அதிகமானது.

ஆகவே நீ இதை வாசிக்கும்போது நான் ஆய்வுக்கூடத்து வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். நிமிர்ந்து பார்க்காதே, முழுதும் வாசி. நான் வாய் திறக்கமாட்டேன், துரை வந்தாலும் திறக்கமாட்டேன். என் மடியில் சாம்பிராணி இல்லை, அந்த முழக் கயிறு இருக்கிறது. எடுத்துக்கொண்டு உள்ளே போ. விளக்கை ஏற்று, மூலை மூலையாகப் பார். பார்த்து முடித்து, போத்தலைத் தொடுமுன் அந்தச் சின்னக் கதவைத் திறந்து விளக்குக் கண்ணாடியை ஒரு தடவை தொட்டுவிட்டு வெளியே வா. வந்து ஒண்ணுமில்லம்மா என்று சொல்லாதே. ஒன்றுமே சொல்லாதே. உன் விரலை மட்டும் என்னிடம் நீட்டு. அது சுடுகிறதா என்று நானே பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா